ஒரு சொட்டு ஈரம்



எனக்குச் சொந்த ஊர் உவரி. வலையின் மேல்கயிற்றில் மிதவை, அடிக்கயிற்றில் ஈயக்குண்டு. குண்டு இல்லாவிட்டால் வலை கடலுக்குள் நிமிர்ந்து நிற்காது. கிழிந்த வலைகளின் பழைய ஈயத்தை உருக்கி, இரும்பு அச்சில் ஊற்றிப் புதுக்குண்டு வார்ப்பது எங்க தாத்தாவின் வேலை.

பவுண்டரி ஷாப்பில் ஒரு செமஸ்டர் முடித்த தெம்பில், லீவுக்குப் போனவன், "தள்ளுங்க தாத்தா, நான் ஊத்துதேன்" என்றேன். ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகும், அலுமினியத்துக்கு 660 வேண்டும் என்றெல்லாம் அளந்தேன். அவர் சிரித்துக்கொண்டே என் தங்கச்சியைக் கடைக்கு அனுப்பினார்.

அச்சு சூடாக இருந்தது. சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீரில் முக்கி, துணியால் துடைத்துவிட்டு ஊற்றினேன். படீர்! அச்சின் மூலையில் தங்கியிருந்த ஒரு சொட்டு நீர், ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகி, ஈயத்தைத் தெறிக்கவிட்டது. என் முன்கையில் மூன்று இடத்தில் பொசுங்கியது. பேனா மையோடு ஓடிவந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சியைத் தடுத்து, கையை இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டினேன். பிறகுதான் ஆஸ்பத்திரி.

"பிள்ளைய ஏம்ல கடைக்கு அனுப்புனேன்? இப்பம் தெரியுதா?" என்றார் தாத்தா. அவள் நின்ற இடம் என் முழங்கை அருகேதான்.

ஆனால் அவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அடுப்பங்கரையிலேயே உருக்குவார், அந்தக் கையோடு சோறு உண்பார். ஈயத்தூசியும் புகையும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைச் சொன்னதும் மனுஷன் வாயடைத்துப் போனார்.

இப்போது அடுப்பு வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி. ஈயச்சட்டியில் வேறெதுவும் சமைப்பதில்லை. அச்சையும் கரண்டியையும் முதலில் சூடாக்கி ஈரம் போக்குகிறோம். கண்ணாடி, தோல் கையுறை, ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை; பக்கத்தில் காய்ந்த மணல். பேட்டரித் தகடும், நாகப்பூச்சு இரும்பும், மூடிய டப்பாவும் சட்டிக்குள் போகக்கூடாது. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகே வரக்கூடாது. வேலை முடிந்ததும் குளியல், பிறகே சாப்பாடு.

புத்தகம் தாத்தாவுக்குக் கொஞ்சம் சொன்னது; தாத்தா எனக்கு நிறையச் சொன்னார். நண்பர்களே, ஷாப்பில் ஏப்ரன் கட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் என் முன்கையை வந்து பாருங்கள்!