தரைவழி வந்த ஆட்டக்காரர்

அச்சமே அறியாதவன்தான் வீரன் என்று எண்ணுவோர் நம்மில் பலர். திருச்செந்தூருக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள காயல்பட்டினத்தில், மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கால்பந்துப் போட்டி நடைபெறும் நாட்களில் திடலோரப் பேச்சுக்களைக் கேட்டவர்க்கு இது விளங்கும். ஆட்டக்காரனின் கால் தவறினால் பொறுத்துக்கொள்வார்கள். அவன் அஞ்சினான் என்றால் பொறுக்கமாட்டார்கள். அத்திடலோரத்தில் பெருமதிப்புடன் உச்சரிக்கப்படும் அயல்நாட்டுப் பெயர்களில் ஒன்று டென்னிஸ் பெர்க்காம்ப். விமானத்தில் ஏற மறுத்த மனிதர் அவர்.

நெதர்லாந்து நாட்டவரான பெர்க்காம்ப், 1993-இல் இத்தாலியின் இண்டர் மிலான் கழகத்தில் சேர்ந்தார். வெளியூர் ஆட்டங்களுக்கு அக்கழகத்தார் சிறு விமானங்களில் சென்று வந்தனர். மேகங்களுக்கிடையே குலுங்கும் அந்தக் குறுகிய கூடு அவர் உள்ளத்தை மெல்ல மெல்ல அரித்தது. ஆடிக்கொண்டிருக்கும்போதே வானத்தை அண்ணாந்து பார்த்து, மேகம் கூடுகிறதா, திரும்பும் பயணம் எப்படியிருக்குமோ என்று கலங்கியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். 1994-இல் உலகக் கோப்பைக்காக அமெரிக்கா சென்றிருந்தபோது, உடன் வந்த செய்தியாளர் ஒருவர் விமானத்தில் வெடிகுண்டு என்று விளையாட்டாகச் சொல்லிவைக்க, பெருங்குழப்பம் விளைந்தது. அதன்பின் பறப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார்.

1995-இல் லண்டன் ஆர்சனல் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பறக்கமாட்டார் என்பதை அறிந்தே ஒப்பந்தம் செய்தது. ஊதியம் பேசும்போது தாம் பத்து இலட்சம் கேட்டால், ‘நீர் பறப்பதில்லையே’ என்று உடனே ஓர் இலட்சத்தைக் கழித்துவிடுவார்கள் என்றும், அதைத் தாம் ஏற்றுக்கொண்டதாகவும் பெர்க்காம்ப் சொல்லியிருக்கிறார். இது கருமித்தனம் என்பார் சிலர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. குறை இன்னது, அதன் விலை இவ்வளவு என்று இரு தரப்பும் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால், பின்னர் ஒவ்வொரு பயணத்தின்போதும் ஒருவன் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லையன்றோ?

இங்கிலாந்தின் நிலவமைப்பும் இதற்கு உதவியது. லீக் போட்டியில் ஒரு பருவத்துக்கு 38 ஆட்டங்கள். அவற்றில் பாதி வெளியூர்களில். லண்டனிலிருந்து மிகத் தொலைவிலுள்ள நியூகாசில்கூடத் திருச்செந்தூருக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைந்ததே. பேருந்தே போதும். ஐரோப்பியப் போட்டிகளில்தான் இடர் வந்தது. 1998 அக்டோபரில் வெம்பிளியில் கீவ் அணிக்கு எதிராகக் கோல் போட்டவர், அடுத்த மாதம் கீவ் நகரில் நடந்த மறு ஆட்டத்துக்குச் செல்லவில்லை. ஆர்சனல் அங்கே தோற்றது. ஆனால் 2000-இல் கோப்பன்ஹேகனில் நடந்த இறுதியாட்டத்துக்குத் தரைவழியே போய்ச் சேர்ந்து ஆடினார். 2006 வரை அக்கழகத்துக்காக 423 ஆட்டங்கள், 120 கோல்கள், மூன்று லீக் பட்டங்கள். கழித்த தொகையையும் இதையும் தராசில் வைத்துப் பாருங்கள்!

நாட்டு அணியில் அவர் கொடுத்த விலை இன்னும் பெரிது. 2002 உலகக் கோப்பை ஜப்பானிலும் கொரியாவிலும் என்றிருக்க, 2000-ஆம் ஆண்டோடு அவர் விலகிக்கொண்டார்.

இவ்வச்சம் யாரையும் விட்டுவைப்பதில்லை. பின்னாளில் முஹம்மது அலி என்று உலகம் அறிந்த இளைஞர், 1960-இல் ரோம் ஒலிம்பிக்குக்கு விமானத்தில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். பயிற்சியாளர் ஜோ மார்ட்டின் மணிக்கணக்கில் பேசி இணங்கவைத்தார். இராணுவப் பழம்பொருள் கடையில் ஒரு பாராசூட்டை வாங்கி, அதை முதுகில் கட்டிக்கொண்டே அவர் விமானத்தில் அமர்ந்திருந்ததாக மார்ட்டினின் மகன் கூறியிருக்கிறார். தங்கப் பதக்கத்தோடு திரும்பிய அவர், 1980-இல் நம் சென்னை வரைக்கும் வந்து காட்சிக் குத்துச்சண்டை ஆடிச் சென்றார். பாராசூட்டுக்கு இடம் கொடுத்தவர்களை நாம் பாராட்டுகிறோம்.

எல்லாரிடத்திலும் இது இப்படி முடிவதில்லை. 2012-இல் அமெரிக்கக் கூடைப்பந்து அணியான ஹூஸ்டன் ராக்கெட்ஸ் முதற்சுற்றிலேயே தெரிவுசெய்த ராய்ஸ் ஒயிட், தமக்குள்ள பதற்ற நோயையும் பறக்கும் அச்சத்தையும் மறைக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள், ஒரு கண்டத்தின் அகலத்துக்கு அலைச்சல். சில பயணங்களுக்குப் பேருந்து என்று இசைந்தார்கள். அவர் ஆடத் தகுதியாயிருக்கிறாரா என்பதை மருத்துவர் தீர்மானிப்பதா, அணி தீர்மானிப்பதா என்ற வழக்கு மட்டும் தீரவேயில்லை. அப்பருவத்தில் ஹூஸ்டனுக்காக ஓர் ஆட்டமும் அவர் ஆடவில்லை. 2014-இல் சாக்ரமெண்டோ அணிக்காக மூன்றே ஆட்டங்கள், அத்தோடு சரி.

பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குப் போன ஹஜ்ஜுக் கப்பல்கள் 1995-இல் நின்றபின், விமானத்துக்கு அஞ்சிய நம் பெரியவர்களுக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்திலிருந்தவரின் கையைப் பற்றியபடியே போய்வந்த மூதாட்டியரை நாம் அறிவோம். அவர்களை எவரும் கோழை என்று அழைத்ததில்லை. இருபது வயது இளைஞன் அஞ்சினால்தான் ஊர் சிரிக்கிறது.

அப்படிச் சிரிப்புக்காளான ஒருவன் சென்ற ஆண்டு தன் வாப்பாவோடு நம் வீட்டுக்கு வந்தான். கோல்காப்பாளன். அயல் மாநிலக் கழகமொன்று அவனை அழைத்திருந்தது. “காக்கா, இவனுக்கு நீங்களாவது புத்தி சொல்லுங்க” என்றார் தந்தை. “மாமா, நான் வெளயாட மாட்டேன்னு சொல்லலை. ரயில்ல வந்துடுறேன்னுதான் சொல்றேன்” என்றான் மகன்.

புத்தி சொல்வதைவிடக் கடிதம் எழுதுவது நலமென்று பட்டது. எந்தெந்த ஊர்களுக்கு ரயிலில் வர முடியும், அதற்கு எத்தனை நாள் முன்னதாகப் புறப்பட வேண்டும் என்று மூவரும் கணக்கிட்டோம். சென்னையிலிருந்து கௌஹாத்திக்கே இரண்டு நாளுக்கு மேலாகிறது. ஆகவே அது இயலாது என்று ஒளிவின்றி எழுதினோம். இறுதியில், வர இயலாத ஆட்டங்களுக்குரிய தொகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி.

“கூலிய நாமளே கொறச்சுக் கேக்கவா?” என்று தந்தை அவ்வரியை அடிக்கச் சொன்னார். மகன் இசையவில்லை. அவ்வரியோடுதான் கடிதம் அஞ்சலில் சேர்ந்தது.