பத்திரத்தில் முற்றுப்புள்ளி கிடையாது

இணையத்துக்கு எழுத வருகிற எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் உபதேசம் இலவசமாகக் கிடைத்துவிடும். "பத்தியைச் சின்னதா வை. ரெண்டு வரிக்கு ஒருக்கா என்டர் தட்டு. ஜனங்க போன்ல படிக்கிறாங்க."

தப்பில்லை. காந்திபுரத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் போனை வைத்துப் படிப்பவருக்குத் திரை நிறைய ஒரே கறுப்புக் கட்டியாக எழுத்து வந்தால் கட்டைவிரல் தானாகத் தள்ளிவிடும். அதுவும் தமிழில் சொற்கள் நீளம். 'கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்ற ஒரே சொல் போனில் ஏறக்குறைய ஒரு வரியை முழுங்கிவிடும். எட்டு வாக்கியப் பத்தி திரையைத் தாண்டிப் போகும்.

ஆனால் இந்த உபதேசம் பாதிதான் என்று எனக்குத் தோன்ற வைத்தது போன் இல்லை. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம்.

காங்கேயம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காடு இருக்கிறது. போன வருஷம் பங்காளி வீட்டில் வண்டித்தடத்தின் குறுக்கே கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார்கள். டிராக்டர் உள்ளே போகவில்லை. தடத்தில் நமக்குப் பாத்தியம் உண்டு என்று அப்பாரு சொல்கிறார், இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் முடிந்தது. அப்பாருக்கோ கண் மங்கிவிட்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்துகொள்ள, நான் ஜெராக்ஸ் காப்பியை வைத்து வாசிக்க ஆரம்பித்தேன்.

ஒன்பது பக்கம். ஒரே வாக்கியம்.

பழைய பத்திரம் படித்தவர்களுக்குத் தெரியும். இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் என்று தொடங்கி, 'என்னவென்றால்' என்று ஒரு இடத்தில் மூச்சு வாங்கி, 'மேற்படி', 'மேற்படி' என்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோலப் போகும். மேற்படிக்கு ௸ என்று ஒரு சுழி. புஞ்சை ஏக்கருக்கு பு.ஏ. முற்றுப்புள்ளி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதாகவே எழுதியவர் காட்டிக்கொள்ள மாட்டார். இதைக் கிண்டல் செய்வது சுலபம். காரணமும் இருக்கிறது: முத்திரைத்தாளில் வெற்றிடம் விட்டால் பின்னால் யாராவது நாலு சொல்லைச் செருகிவிடலாம். இடைவெளி விடாததுதான் அங்கே காவல். படிக்கிறவருக்கு வசதி செய்து தருவது அந்த எழுத்தின் வேலை இல்லை.

ஆறாம் பக்கத்தில் அப்பாரு கையைத் தூக்கினார். "நிறுத்து கண்ணு. இப்பப் படிச்சதை இன்னொருக்கா படி."

ஆள், கால்நடை, வண்டி வாகனாதிகள் போகவர மாமூல் வழித்தடப் பாத்தியம். கிணற்றில் இரைக்கும் முறைக்கும், வேலியோரப் பனைமரங்களின் கணக்குக்கும் நடுவே அது கிடந்தது. நான் ஒரே வேகத்தில் அதையும் பனைமரம் மாதிரியே வாசித்துத் தாண்டிப் போயிருந்தேன். அவர் காதுதான் பிடித்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பென்சிலால் கோடு போட்டு அதைப் பிரித்து எழுத உட்கார்ந்தோம். இணைய உபதேசப்படி எல்லாவற்றையும் துண்டு போடலாம் என்றுதான் கேட்டேன். நான்கு பக்க எல்லையைச் சொல்லும் செக்குபந்திக்கு வந்ததும் அப்பாரு ஒத்துக்கொள்ளவில்லை. "அதை வெட்டாத சாமி. அது நடந்து போறது. மேக்கால வேலியில ஆரம்பிச்சு, இட்டேறி புடிச்சு, பள்ளத்தைச் சுத்தி, கெணத்து மேட்டுக்கு வந்து சேரோணும். நடுவுல நிறுத்துனா எங்க நிக்கறம்னு தெரியாது."

ஆக எல்லை ஒரே நீள வாக்கியமாகவே நின்றது. கிணற்று முறை மூன்று வாக்கியம். தடம் மட்டும் தனியாக, மேலேயும் கீழேயும் வெள்ளை விட்டு, ஒரே வரியில்.

இப்படி இடம் விடுவதே தமிழுக்குப் புதுப் பழக்கம்தான். ஓலைச்சுவடியில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்தின் மேல் புள்ளி வைப்பதும் அரிது, எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். செய்யுளாக இருந்தால் எதுகையும் மோனையும் அடி எங்கே தொடங்குகிறது என்று காட்டிக் கொடுத்துவிடும். உரைநடைக்கு அந்த உதவியும் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. போன்றவர்களுக்கு மூலம் எது, உரை எது என்று பிரித்தெடுப்பதே ஒரு வேலையாக இருந்தது. அச்சில் நிறுத்தக்குறிகளை அழுத்தமாகக் கொண்டுவந்தவர் ஆறுமுக நாவலர். கமாவையும் முற்றுப்புள்ளியையும் நாம் இத்தனை அலட்சியமாகத் தெளிப்பதற்குப் பின்னால் அவ்வளவு உழைப்பு.

பிறகு தினத்தந்தி. 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கியது. சின்ன வாக்கியம், சின்னப் பத்தி, பேசுகிற சொல். டீக்கடையில் ஒருவர் உரக்க வாசிக்க நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். அப்பாரு எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதும் அந்தப் பேப்பரில்தான். 'ரெண்டு வரிக்கு ஒரு என்டர்' என்பதைப் போன் கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள் பழைய தந்தியை ஒருமுறை புரட்ட வேண்டும்.

ஆனாலும் நீளம்தான் எதிரி என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். இதைப் பாருங்கள்: 'ஆத்தா எந்திரிச்சு, சாணி தெளிச்சு, கோலம் போட்டு, எருமைக்குத் தண்ணி காட்டி, பாலைப் பீச்சி, சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்துதான் காப்பி குடிக்கும்.' 16 சொல். யாரும் தடுக்கி விழவில்லை. இன்னொன்று: 'மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடைபெற்ற கூட்டத்தில் கலந்துகொண்ட விவசாயிகள் முன்வைத்த கோரிக்கைகளை ஆய்வு செய்ய அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை நேற்று வெளியானது.' அதுவும் 16தான். பாதியிலேயே மூச்சு முட்டுகிறது. முதலாவது வினையெச்சங்களின் வரிசை. ஒவ்வொரு காரியமும் முடிந்து, அடுத்ததற்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டாவதில் 'நடைபெற்ற', 'கலந்துகொண்ட', 'முன்வைத்த', 'அமைக்கப்பட்ட' என்று பெயரெச்சங்கள். எதையும் இறக்கி வைக்க முடியாது, கடைசியில் அறிக்கை வரும்வரை அத்தனையையும் தலையில் சுமக்க வேண்டும். செய்திக் குறிப்புகள் எழுதுகிறவர்கள் ஏன் நம்மைச் சுமைதூக்கிகளாக நடத்துகிறார்கள் என்று தெரியவில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது காதில் ஊறியது. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல ராத்திரிகள் பாடுவார்கள். ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் 1965இல் அதை ஒலிநாடாவில் முழுசாகப் பதிவு செய்தார். முழுக்கப் பாட்டாகப் போகாது. பாட்டு, பிறகு பேச்சு, மறுபடி பாட்டு. ராத்திரி முழுக்க ஒரே மெட்டு என்றால் ரெண்டாம் சாமத்தில் கூட்டம் துண்டை விரித்துப் படுத்துவிடும்.

எழுத்தில் இதைச் செய்தவர் ஆர். சண்முகசுந்தரம். 'நாகம்மாள்' வந்ததும் தினத்தந்தி பிறந்த அதே 1942இல்தான். ஆசிரியர் குரல் எழுத்துத் தமிழில் நிதானமாகப் போகும். ஆட்கள் வாயைத் திறந்தால் கொங்குப் பேச்சு வெட்டென்று வரும். அந்த மாற்றத்திலேயே பக்கம் மூச்சு வாங்கிக்கொள்கிறது. நாவலின் விவகாரமும் பாகம்தான்: புருசனை இழந்த நாகம்மாள் கொழுந்தனிடம் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள்.

நாங்கள் பிரித்தெழுதிய நாலு பக்கத்தையும் மூலப் பத்திரத்தையும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம். சர்வேயர் ஒருமுறை வந்து அளந்துவிட்டுப் போனார். கல் இன்னும் இருக்கிறது. சாயங்காலங்களில் நான் அப்பாருக்கு நாகம்மாளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஊர் வர்ணனை வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். பேச்சு வந்ததும் திறக்கிறார். நேற்று பாதியில் நிறுத்தி, "அந்தப் புள்ளைக்குப் பாகம் குடுத்தானா இல்லியா, அதை மொதல்ல சொல்லு" என்றார்.

"இன்னும் அம்பது பக்கம் இருக்குதுங்க அப்பாரு."

"செரி, படி."