கேமராப் பை வாங்கப் போகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

கோலார் தங்கவயலின் கோரமண்டலில் கேமரா தூக்குபவர்களின் முதல் எதிரி தூசி. 2001 பிப்ரவரி 28 அன்று இங்குள்ள தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன. காற்றடித்தால் அந்த மாவு மண் வீட்டிலும் படியும், லென்ஸிலும் படியும்.

அதனால் விலைக்கு முன் ஜிப்பைப் பாருங்கள். அதை மூட மேல்மடிப்பு இருக்க வேண்டும். பையின் அடிப்பகுதியை விரலால் அழுத்துங்கள். பஞ்சு அமுங்கி மீண்டும் எழ வேண்டும். மாரிக்குப்பம் ரயில் நெரிசலில் பெங்களூரு போகிறவர்களுக்கு இது மிக முக்கியம். உள்தடுப்புகள் கழற்றி மாற்றும்படி இருக்கட்டும். லென்ஸும் லென்ஸும் உரசவே கூடாது. உங்கள் கேமராவைக் கடைக்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மழை உறையும் கேளுங்கள்.

வீடு திரும்பியதும் பையை உதறித் துடையுங்கள். ஈரப் பையில் கிடந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள். சயனைடு மேட்டுப் பக்கம் லென்ஸ் மாற்றாதீர்கள், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

சுரங்க ஷாஃப்ட் கோபுரங்களும் தொழிலாளர் லைன் வீடுகளும் நம் தாத்தா பாட்டிகளின் உழைப்புக்குச் சாட்சி. அவை இருக்கும்போதே படம் எடுத்து வையுங்கள், பிள்ளைகளே.