மாமா வண்டிக்குக் கூரை வேணுமா, வேணாமா?

போன வாரம் பூரா எங்க வீட்ல ஒரே பட்டிமன்றம். தலைப்பு: "மாமாவோட டிரெய்லருக்கு மடக்குக் கூரை தேவையா, இல்லையா?" நடுவர் அடியேன். பி.காம் படிக்கிறவனுக்குக் கணக்கு தெரியும்னு எங்க வீட்ல ஒரு மூடநம்பிக்கை :-)

மாமான்னா அம்மாவோட தம்பி. சொந்தமா ஒரே ஒரு டிரெய்லர், தவணை இன்னும் 14 மாசம் பாக்கி. சென்னை துறைமுகம், எண்ணூர், காட்டுப்பள்ளி, மணலின்னு கன்டெய்னர் ஓட்டுறார். வீடு மூலக்கொத்தளம்தான், ஆனா வாரத்துல நாலு ராத்திரி தூக்கம் கேபின்ல. சீட்டுக்குப் பின்னால ஒரு படுக்கை, சின்ன காஸ் அடுப்பு, தண்ணி கேன், முருகன் படம், லுங்கி காயப்போட ஒரு கொடி. இதையே கொஞ்சம் அழகா பண்ணி 'மோட்டார் ஹோம்'னு பேர் வெச்சா, வெளிநாட்ல லீவுக்கு எடுத்துக்கிட்டுப் போறாங்க. கேரளாவுல கூட 2021-ல் 'கேரவன் கேரளா'ன்னு ஒரு சுற்றுலாத் திட்டம் ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி வண்டி ஒண்ணை மாமா செல்போன்ல பார்த்துட்டார். பக்கவாட்டுல ஒரு கைப்பிடியைச் சுத்தினா சுருட்டி வெச்ச துணி கூரையா விரியுது, கீழ நாற்காலி போட்டு டீ குடிக்கிறாங்க.

"டேய் மாப்ள, நம்ம வண்டிக்கு இந்த மாதிரி ஒண்ணு அடிச்சா இன்னா?"

மத்த நேரமா இருந்தா சிரிச்சிருப்பேன். ஆனா போன மே மாசம் மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல மாமா மயங்கிட்டார். பின்னாடி வண்டி டிரைவர் தலையில தண்ணி ஊத்தி ஆட்டோவுல ஏத்திட்டுப் போனார். ரெண்டு பாட்டில் குளுகோஸ் ஏத்தினாங்க. அதுல இருந்து அத்தை, மாமா போன் பண்ணாம தூங்குறதில்ல. அதனால சீரியஸா கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதல்ல காசு. வெல்டிங் பட்டறையில இரும்புக் கை வெச்சு மடக்குக் கூரை அடிக்க 18,500 ரூபாய் கேட்டாங்க. பாரிமுனைப் பக்கம் நல்ல தார்ப்பாய், கயிறு, ரெண்டு பைப் எல்லாம் சேர்த்து 2,600. நிழல் இருந்தா மாமா ஓட்டல்ல சாப்பிடாம தானே சமைப்பார். ஒரு நாளைக்கு 150 ரூபாய் மிச்சம், மாசத்துக்கு பத்து நாள்னு வெச்சா 1,500. மடக்குக் கூரைக்குப் போட்ட காசு திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேல. தார்ப்பாய்க்கு ரெண்டு மாசம் கூட ஆகாது.

அடுத்தது சட்டம். மோட்டார் வாகன விதிப்படி வண்டியோட அகலம் 2.6 மீட்டருக்கு மேல போகக்கூடாது. லாரி ஏற்கெனவே அந்த அளவை ஒட்டித்தான் இருக்கு. பக்கத்துல ஒரு பெட்டியை மாட்டினா வெளிய துருத்தும். ஆர்.சி புக்குல இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 1988 சட்டத்துல 52-வது பிரிவு வேற இருக்கு. கயித்துல கட்டி அவுக்குற தார்ப்பாய்க்கு இந்தத் தலைவலி இல்ல.

மூணாவது, கடல். எண்ணூர் ரோட்ல மத்தியானம் கடல்காத்து கிளம்பினா விரிச்ச துணி கட்டுமரப் பாய் மாதிரி இழுக்கும். உப்புக்காத்துல இரும்புக் கை துருப்பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தா அது தனிக் கதை. 12-க்கு 10 அடி துணியில ஒரே ஒரு சென்டிமீட்டர் தண்ணி தேங்கினா எடை 110 கிலோவுக்கு மேல! அதனால எந்தக் கூரையா இருந்தாலும் ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டணும். காத்து வலுத்தா சட்டுனு அவுக்க வரணும். ஈரத்தோட சுருட்டினா பூஞ்சை புடிக்கும்.

இவ்வளவும் நோட்ல எழுதி, 'தார்ப்பாய்தான்'னு தீர்ப்பு சொல்லத் தயாரா இருந்தேன். ஒரு நாள் லீவுல மாமாகூடவே வண்டியில ஏறினேன். அங்கதான் என் கணக்கு புட்டுக்கிச்சு.

காசிமேடு தாண்டி ஜீரோ கேட் பக்கம் போற வரிசை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நாலு வண்டி நீளம் நகருது. இறங்க முடியாது. இறங்கினா பின்னாடி ஹாரன், இல்ல எவனாவது முன்னாடி நுழைவான். ஒரு பக்கம் மீடியன், இன்னொரு பக்கம் பைக் ஓடுது. கூரையை எங்க விரிக்கிறது? கண்ணாடி வழியா வெயில் நேரா மடியில விழுது, கீழ இன்ஜின் சூடு.

"மாமா, அன்னிக்கு மயங்கினப்போ எங்க இருந்தீங்க?"

"இதே மாதிரி லைன்லதான் மாப்ள. ஸ்டியரிங்கைப் புச்சிக்கினேதான்."

அப்போதான் உறைச்சது. கூரை நிக்கிற வண்டிக்கு. மாமா மயங்கினது நகர்ற வரிசையில. 18,500 ரூபாய்க் கூரை வண்டியில இருந்திருந்தாலும் அன்னிக்கு அது சுருட்டியேதான் இருந்திருக்கும்.

2023 டிசம்பர்ல மத்திய அரசு அறிவிக்கை போட்டு, 2025-ல இருந்து தயாராகுற புது கனரக லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆக்கியிருக்காங்க. மாமாவோடது 2017 மாடல். துறைமுகம்-மதுரவாயல் மேம்பாலத்துக்கு 2009-ல அடிக்கல் நாட்டினப்போ மாமா வேற ஆளோட லாரிக்கு டிரைவர். 2012-ல வேலை நின்னு, 2022-ல மறுபடி அடிக்கல் நாட்டினாங்க. பாலம் வந்தா வரிசை குறையலாம். அதுவரைக்கும் மாமா உடம்பு தாங்கணுமே?

அதனால என் தீர்ப்பு: மடக்குக் கூரை வேணாம். யார்டுல, மாதவரம் லாரி நிறுத்தத்துல நிக்கிற நேரத்துக்கு தார்ப்பாய் போதும். மிச்சக் காசுல கேபின் கூரைக்கு உள்ள வெப்பம் தடுக்குற ஷீட், 24 வோல்ட் ஃபேன் ரெண்டு, பக்கக் கண்ணாடிக்குத் திரை, இன்னொரு தண்ணி கேன், ஓ.ஆர்.எஸ் பாக்கெட்.

அத்தை வேற காரணத்துக்காகத் தலையாட்டினாங்க. "நல்லதா கூரை போட்டுக் குடுத்தா இந்த மனுஷன் அங்கயே குடித்தனம் பண்ணிடுவாருடா. வீட்டுக்கு வர்றதே மூணு நாளு." எல்லாரும் சிரிச்சோம். அத்தை மட்டும் சிரிக்கல. என் நோட்ல இந்தச் செலவுக்கு ஒரு கட்டமே இல்லைன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சது.

நேத்து மாமா போட்டோ அனுப்பினார். நீலத் தார்ப்பாய், ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டியிருக்கு (நான் சொன்ன மாதிரியே!). கீழ அடுப்புல கருவாட்டுக் குழம்பு. அத்தைகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, "தண்ணி கேன் எங்கடா, காணோம்?"னு கேட்டாங்க.

போன் பண்ணிக் கேட்டேன். கேபின்ல, சீட்டுக்குப் பக்கத்துலயே இருக்காம்.