ஒரகடத்திலிருந்து லே

வேன்லயே தூங்கி, வேன்லயே சமைச்சு லடாக் போயிட்டு வரணும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சதும் ஒரகடம் டீக்கடையில மூணு பேரும் இதே பேச்சுதான். ராயல் என்ஃபீல்டு இமாலயன் பைக் தயாராகுறது நம்ம பக்கம். அது மலை ஏறுது, நாங்க இன்னும் வண்டலூரைத் தாண்டல.

முதல் சண்டை குக்கருக்கு. லே 3,500 மீட்டர் உயரம். அங்க தண்ணி 88 டிகிரியிலேயே கொதிச்சிடும், பானையில சோறு வேக யுகமாகும். "மேகி போதும்டா"ங்கிறான் ஒருத்தன். இருபது நாளைக்கா? குக்கர் வருது, அவ்வளவுதான்.

போய்ச் சேர்ந்ததும் ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிடக்கணும், இல்லன்னா தலைவலி பிளந்துடும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்ல வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வச்சிருக்கிற ஒருத்தர் கூட வாங்கப்பா, டீசல் காசை நாலாப் பிரிச்சுக்கலாம்.