எந்தச் சத்திரத்தில் தங்குவது?

டெல்டாவைச் சுற்றிப் பார்க்க வரும் தோழர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "பழைய கட்டடமா, நாலு தெரு நடந்து பாக்குற மாதிரி ஒரு எடம் சொல்லுங்க." சொல்லலாம். தரங்கம்பாடியில் கடலைப் பார்த்த பழைய கலெக்டர் பங்களா இன்று ஓட்டல். காரைக்குடிப் பக்கம் செட்டியார் வீடுகளும் அப்படித்தான்.

என் கேள்வி வேறு. அந்தத் திண்ணைகளில் யார் உட்கார்ந்தார்கள்? யார் தெருவுக்கும் வெளியே நின்றார்கள்? 'நடந்து பார்க்கிற தெரு' என்றால் எங்க அப்பாயி சிரிக்கும். "தெருவாம்ல! எங்களுக்கு வரப்புதான்டா வழி."

எங்க நீடாமங்கலத்திலேயே சத்திரம் உண்டு. ராமேசுவரம் யாத்திரிகர்களுக்காக தஞ்சை மராட்டிய அரசர்கள் வழிநெடுகக் கட்டியவற்றில் ஒன்று, யமுனாம்பாள் சத்திரம். ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம். பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சத்திரங்களில் சோறு உண்டு என்று 1801-இல் சரபோஜி கும்பினி ரெசிடெண்டுக்கு எழுதினார். சமைத்த சோறு வேண்டாதவர்களுக்கு அரிசியும் சாமானும் தனியாக. சரி, சோறு எல்லோருக்கும். பந்தி?

இந்தக் கேள்விக்கு இதே ஊர் பதில் சொன்னது. 1937 டிசம்பர் 28 அன்று இங்கே காங்கிரஸ் மாநாடு. பொதுப் பந்தியில் எங்க ஜனங்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்காக அவர்களை அடித்து, மொட்டையடித்து, சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். 'விடுதலை' ஏடுதான் அதை வெளியே கொண்டுவந்தது. "போட்ட சோறு அவனுகளுக்குச் சுடல, கூட உக்காந்ததுதான் சுட்டுச்சு" என்பது அப்பாயி சொன்ன விளக்கம். அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை.

படித்தவனுக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய அம்பேத்கர், பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பார்சிப் பெயர் சொல்லி ஒரு பார்சி சத்திரத்தில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவில் கடை, உணவு விடுதி, ஓட்டல் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டியிருந்தது சும்மா இல்லை.

அதனால் பழைய கட்டடத்தில் தங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்குங்கள், அன்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் முதலில் அங்கே கால் நீட்டிப் படுக்க வேண்டும். ஆனால் கேட்டுவிட்டுத் தங்குங்கள். சுவரில் மாட்டியிருக்கும் வரலாற்றில் கட்டியவன் பெயர் மட்டுமா, கல் சுமந்தவனும் உண்டா? அடுப்படியில் யார், கக்கூஸ் கழுவுவது யார்? சேரியிலிருந்து என்னைப் பார்க்க வரும் மாமாவை மேசையில் உட்கார வைத்து காபி கொடுப்பார்களா?

வாடகையை அப்புறம் பேசலாம்.