இரண்டு விரல் நுனிகள்

ராக் இசைக்குழுவின் வரலாற்றை ஆல்பம் ஆல்பமாக அடுக்கிச் சொல்வதுதான் வழக்கம். பிளாக் சபாத்துக்கு அந்த வழக்கம் போதாது என்று நினைக்கிறேன். அவர்களின் முதல் மைல்கல், அப்படி ஒரு குழு உருவாவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1965இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் நடப்பட்டுவிட்டது.

பின்னாளில் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞரான டோனி ஐயோமிக்கு அப்போது 17 வயது. ஐரோப்பாவில் வாசிக்கப் போகும் ஒரு குழுவில் இடம் கிடைத்திருந்தது. அன்று தொழிற்சாலையில் கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போகப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்ல, வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அவர் திருப்பி அனுப்பினார். வழக்கமான ஆள் வராததால், பழக்கமில்லாத அழுத்து இயந்திரத்தில் நிற்கவைத்தார்கள். வலது கையில் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் போயின. ஐயோமி இடதுகைப் பழக்கம் உள்ளவர். கிட்டாரின் கழுத்தில் தந்தியை அழுத்துவது அவருக்கு அந்த வலது கைதான்.

இனி வாசிப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் மட்டும் ஓர் இசைத்தட்டோடு வீடு தேடி வந்தார். கேட்கவே பிடிக்காமல் உட்கார்ந்திருந்த பையனை வற்புறுத்திக் கேட்கவைத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது அது. தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மிச்ச விரல்களோடு ஜாஸ் கிட்டாரின் உச்சத்தைத் தொட்டவர் ஜாங்கோ. ராக் வரலாற்றில் எத்தனையோ தயாரிப்பாளர்களையும் மேலாளர்களையும் கொண்டாடுகிறோம். என்னைக் கேட்டால் அந்த மனிதருக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுவேன்.

பிறகு நடந்தது கைவேலை. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்கு உறைபோல வடிவம் கொடுத்து, தேய்த்து, மேலே பழைய தோல் சட்டையிலிருந்து வெட்டிய துண்டை ஒட்டினார் ஐயோமி. உறை போட்ட விரலில் தந்தியின் ஸ்பரிசம் தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் அறிய வேண்டும். வழக்கமான தந்திகள் வலித்தன. அந்நாளில் மெல்லிய கிட்டார் தந்தி கடையில் கிடைக்காததால் பான்ஜோ தந்திகளைக் கட்டிப் பார்த்தார். கடைசியில் தந்திகளைத் தளர்த்தவே ஆரம்பித்தார். தந்தி தளர்ந்தால் சுருதி இறங்கும். ஓசைக்கு ஒரு கனம் வரும். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் பல பாடல்களில், நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால், மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கியிருக்கிறார். கீஸர் பட்லரின் பேஸ் கிட்டாரும் கூடவே இறங்கியது. ஹெவி மெட்டல் என்று இன்று உலகம் அறியும் இசையின் அந்த 'ஹெவி', வலிக்காமல் வாசிக்க ஒருவர் கண்டுபிடித்த வழியில் வந்தது. பத்து விரலும் முழுதாக இருக்கும் எத்தனையோ இளைஞர்கள் இன்று அதே ஓசைக்காகத் தந்தியைத் தளர்த்துகிறார்கள்.

ஐயோமி, பட்லர், டிரம்ஸ் வாசித்த பில் வார்ட், பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் நால்வரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியோடு பிணைந்தவர்கள். ஆஸி கார் ஹாரன்களைச் சரிபார்க்கும் வேலையும் இறைச்சிக்கூட வேலையும் பார்த்தவர். முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவுசெய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அது வெளியானது. அதன் தலைப்புப் பாடலின் கிட்டார் வரி மூன்றே ஸ்வரம்: ஸட்ஜம், மேல் ஸட்ஜம், பிறகு பிரதி மத்யமம். கல்யாணியில் கேட்டால் மனம் மலர்கிற அதே மத்யமம், துணைக்கு வேறெதுவும் இல்லாமல் மெதுவாக வந்து நிற்கும்போது முதுகுத்தண்டு சில்லிடுகிறது. விமர்சகர்கள் பலர் கரித்துக்கொட்டினார்கள். ரசிகர்கள் வாங்கினார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்தத் தலைப்புப் பாடல், ஆல்பத்தில் நேரம் குறைகிறது என்று கடைசியில் அவசரமாகப் போட்டது. ஆல்பத்துக்கு முதலில் வைக்க இருந்த பெயர் 'வார் பிக்ஸ்'. போரை நடத்துகிறவர்கள் மீது பட்லருக்கு இருந்த கோபம்தான் அந்தப் பெயரில் உள்ள பாட்டு. சாத்தான் குழு என்று இவர்களைத் தூற்றியவர்கள் அதை ஒருமுறையாவது முழுதாகக் கேட்டிருக்கலாம்.

1979இல் போதையாலும் சோர்வாலும் குழு சிதைந்து, ஆஸி வெளியேற்றப்பட்டார். ரோனி ஜேம்ஸ் டியோ பாட வந்து 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' வெளிவந்தது. ஆஸி இல்லாத சபாத் சபாத்தே இல்லை என்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. குரல் முற்றிலும் மாறியும், முதல் சில நொடிகளிலேயே இது யார் என்று தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள், போனார்கள்; சில காலம் பழைய நால்வரில் ஐயோமி மட்டுமே இருந்தார். 1997 டிசம்பரில் நால்வரும் பர்மிங்ஹாமில் மீண்டும் ஒன்றாக மேடையேறினார்கள். 2012இல் ஐயோமிக்கு லிம்போமா புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவே உருவாக்கிய '13' ஆல்பம் 2013இல் பிரிட்டனில் முதலிடம் போனது, 'பாரனாய்ட்'டுக்குப் பிறகு ஏறத்தாழ 43 ஆண்டுகள் கழித்து.

ஆனால் அந்த ஆல்பத்தில் பில் வார்ட் இல்லை. ஒப்பந்தத் தகராறு. 2017 பிப்ரவரியில் பர்மிங்ஹாமில் நடந்த விடைபெறும் கச்சேரியிலும் அவர் இல்லை. இது என்னை நீண்ட நாள் உறுத்தியது. வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். கிட்டார் பாறைபோல நிற்கும்போது அதைச் சுற்றி ஓடுவது அவருடைய டிரம்ஸ்தான். நேர்த்தியாகத் தாளம் போட எத்தனையோ பேர் உண்டு, அந்த ஓட்டம் வேறு யாருக்கும் வரவில்லை.

2025 ஜூலை 5 அன்று, ஆஸி வளர்ந்த தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் வில்லா பார்க் மைதானத்தில், அது சரியானது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு நால்வரும் ஒரே மேடையில். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி, கறுப்பு அரியணையில் உட்கார்ந்தபடி பாடினார். நால்வரும் சேர்ந்து நான்கே பாடல்கள். வரும்படி பார்க்கின்சன் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் தீரா நோயுள்ள குழந்தைகளுக்கான பராமரிப்பு இல்லத்துக்கும் என்று அறிவித்திருந்தார்கள். வார்ட் குச்சிகளை எடுத்த விதத்தை நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். ஜூலை 22இல் ஆஸி காலமானார்.

புதிதாகக் கேட்க வருகிறவர்கள் எங்கே தொடங்கட்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. 'பாரனாய்ட்' எப்படியும் காதில் விழுந்துவிடும். 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யின் கடைசிப் பாடல் 'இன்டு தி வாய்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஹெட்ஃபோனில், சத்தமாக. வார்த்தைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் ஒரு நிமிடம் அந்தக் கிட்டாரை மட்டும் கேளுங்கள்.